சென்னியம்மாள் தடவிப் பார்த்த இடம்

கிரைண்டரைக் கையில் எடுத்தால் ராயப்பனுக்கு ஒரு பெண்குரல் கேட்கும். "எங்கீங்க சாமி ஒட்டுனீங்க? தெரியவே இல்லீங்களே!" அவ்வளவுதான். அதட்டாது, அழாது, சாபம் விடாது. சந்தையில் நல்ல சேலையைப் புரட்டிப் பார்க்கிற ஒருத்தி கேட்பது போல, ஆசையாகக் கேட்கும். திட்டியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். அது பாராட்டியது. அதுதான் கொடுமை.

ராயப்பனுக்கு வயது ஐம்பத்தெட்டு. சேலம் டவுனில் பிறந்தவர். இருபது வயதில் சங்ககிரிக்கு, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலைக்கு வந்தார். வந்தவர் வந்தவர்தான். கல்யாணம் ஆனது, பைபாஸ் ஓரமாகத் தகரக் கொட்டகை போட்டுச் சொந்தப் பட்டறை வைத்தார், பேச்சும் இந்தப் பக்கத்துப் பேச்சாகவே மாறிப்போனது. சங்ககிரியில் லாரி இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த லாரிகளில் பாதியையாவது தான் தொட்டிருப்பதாக அவர் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பெருமைக்காகச் சேர்த்தது கொஞ்சம்தான்.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு வித்தை. வண்டிக்கு அடியில் முன்னும் பின்னுமாக ஓடுகிற இரும்புச் சட்டத்தைச் சேஸ் என்பார்கள். பாரமெல்லாம் அதன் தலையில்தான். கம்பெனிக்காரன் கொடுத்த நீளம் நம் ஆட்களுக்கு என்றைக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது? சேஸை நடுவில் அறுத்து, இரண்டடி மூன்றடித் துண்டு வைத்து நீட்டித் தரச் சொல்வார்கள். விதிப்படி கூடாது. அதனால் பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தாலும் ஒட்டு தெரியக் கூடாது. ராயப்பன் வைத்த ஒட்டு தெரியாது. வெல்டிங் வைத்த இடத்தில் இரும்பு தழும்பாகப் புடைத்து நிற்குமே, அதைக் கிரைண்டர் போட்டு மட்டமாக இழைத்து, மேலே பட்டி பூசித் தேய்த்து, கறுப்புப் பெயிண்ட் அடித்துவிடுவார். பிறந்ததிலிருந்தே வண்டி அந்த நீளம்தான் என்று சத்தியம் செய்யலாம்.

அந்தப் புடைப்பில்தான் ஒட்டின் பலம் இருக்கிறது. இழைக்க இழைக்க ஒட்டு மெலியும். முப்பது வருடம் வெல்டிங் ராடு பிடித்தவருக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் செய்ததெல்லாம் உடையாமல் ஓடிக்கொண்டிருந்தால், தெரிந்த விஷயமும் தெரியாதது போல் ஆகிவிடும். இரண்டு பக்கமும் தகடு வைத்துப் பிடித்தால் பலமாக இருக்கும் என்று வண்டிக்காரர்களிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார். "தகடு வெச்சா தெரியுமேங்க" என்பார்கள். அதற்குமேல் அவரும் வற்புறுத்தியதில்லை. தெரியாமல் ஒட்டுவதில் அவருக்கே ஒரு கர்வம் இருந்தது.

அப்படித்தான் எட்டு வருடத்துக்கு முன் மணியனின் மினி லாரியையும் நீட்டிக் கொடுத்தார். மணியன் மல்லசமுத்திரத்துப் பக்கம் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவன். மாமியார் சென்னியம்மாளுக்கு அனிதா ஒரே மகள். மூன்று ஏக்கர் காடு, அதில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி. கிழங்கைச் சவ்வரிசி ஆலைக்கு வாடகை வண்டியில் ஏற்றி ஏற்றி அலுத்துப்போய், பழைய மினி லாரி ஒன்றை வாங்கி, இரண்டரை அடி நீட்டச் சொல்லிக் கொண்டுவந்தார்கள். வேலை முடிந்த அன்று மகள், மருமகன், பேத்தி கிருத்திகா என்று குடும்பத்தையே கூட்டிக்கொண்டு சென்னியம்மாள் வந்திருந்தாள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, சந்தனக் கிண்ணத்தோடு வண்டிக்குப் பக்கவாட்டில் குத்தவைத்து உட்கார்ந்தாள். ஒட்டின இடத்தில் ஒரு பொட்டு வைக்க வேண்டுமாம். சேஸின் மேல் உள்ளங்கையை வைத்து மெள்ளத் தடவிக்கொண்டே போனாள், திரும்பி வந்தாள். கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. அப்போது கேட்டதுதான் அந்தக் கேள்வி.

ராயப்பன் சிரித்துக்கொண்டே, "தெரிஞ்சா அப்பறம் நான் எதுக்குங்கம்மா?" என்றார். அவள் குத்துமதிப்பாக ஓரிடத்தில் பொட்டு வைத்தாள். ஒட்டுக்கு அரையடி தள்ளி வைத்தாள். அவர் திருத்தவில்லை.

அதிலிருந்து ஏழாம் மாதம், மார்கழி பிறந்த வாரத்தில், விடிகிற நேரத்தில் வண்டி கவிழ்ந்தது. கிழங்குப் பாரம். முன்னால் மணியனும் சென்னியம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். ஆலைக்காரன் கிழங்கின் மாவுச்சத்துக்குப் பாயிண்டு குறைத்துப் போட்டு விலையை இறக்கிவிடுவான் என்று அவள் ஒவ்வொரு லோடுக்கும் கூடவே போவாள். திருப்பத்தில் வண்டி நடு உடம்பில் ஒடிந்து, ஓடைப்பள்ளத்தில் இறங்கிவிட்டது. மணியனுக்கு இரண்டு விலா எலும்பு முறிந்தது. சென்னியம்மாள் அந்த இடத்திலேயே போய்விட்டாள். போலீஸ்காரர் வந்து, தூங்கிட்டியா என்று கேட்டார். இரவு இரண்டு மணிக்கே எழுந்து லோடு ஏற்றியவன் மணியன். அசந்துவிட்டேன் போலிருக்கிறது என்றான். சேஸ் உடைந்ததைப் பள்ளத்தில் விழுந்ததால் என்று எழுதிக்கொண்டார்கள், கேஸ் முடிந்தது. அவனுக்கு ஒரு வருடச் சிறை, லைசென்சும் போனது.

விபத்து நடந்த மூன்றாம் நாளே ராயப்பன் அந்த வண்டியைப் போய்ப் பார்த்திருந்தார். கிரேன்காரர் அதை இழுத்து வந்து சங்ககிரியிலேயே தன் இடத்தில் போட்டிருந்தார். பழைய டயர் பார்க்கிற சாக்கில் உள்ளே நுழைந்து குனிந்தார். சேஸ் கத்தியால் வெட்டினதுபோல நேர்கோடாக உடைந்திருந்தது. சரியாக அவர் ஒட்டின இடம். உடைந்த முகத்தில் பாதி பழுப்பாகத் துருப்பிடித்திருந்தது, பாதி புதுசாக மின்னியது. அந்தத் துறையில் இருப்பவனுக்கு இதை யாரும் படித்துக் காட்ட வேண்டியதில்லை. துருப்பிடித்த பாதி பழைய விரிசல். பல வாரங்களாக மழைத்தண்ணீர் குடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடிய விரிசல். மின்னிய பாதிதான் அன்று விடிகாலையில் உடைந்தது. மேலே பட்டியும் பெயிண்டும் இல்லாமல் இருந்திருந்தால் விரிசலை மணியனே பார்த்திருப்பான். டயருக்குக் காற்றுப் பார்க்கக் குனிகிறவன் கண்ணில் படாமல் போகாது.

ராயப்பன் வெளியே வந்து ஒரு டீ குடித்தார். வீட்டுக்குப் போனார். யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லியிருக்கலாம். ஸ்டேஷன் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். இப்படி நினைத்து நினைத்துத்தான் அவருக்கு எட்டு வருடம் ஓடியது. ஞாயிறன்று மாதா கோயில் பூசையில் எல்லாரும் நன்மை என்கிற அப்பம் வாங்க வரிசையில் போகும்போது அவர் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். மனைவி ஆரோக்கியம் ஏன் என்று கேட்டால், "சர்க்கரை மாத்திரைக்காக இட்லி தின்னுட்டேன்" என்பார். வெறும் வயிற்றோடுதான் நன்மை வாங்க வேண்டும். எட்டு வருடமாக ஒரே இட்லி. தன்னை யாருக்கும் தெரியாத ஓர் ஊர்க் கோயிலுக்குப் போய், ஒருமுறை சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனமும் செய்து பார்த்தார். வலைக்கு அந்தப் பக்கம் இருந்த சாமியார் வயதில் சின்னவர். முழுதும் கேட்டுவிட்டு, "அந்த டிரைவருக்கு இது தெரியுமா?" என்றார். தெரியாது என்றார் ராயப்பன். "முதல்ல அவர்கிட்ட சொல்லிட்டு வாங்க. அப்புறம் நாம பேசலாம்." முழங்கால் வலிக்க எழுந்து வந்தவர் மறுபடி எந்தக் கோயிலிலும் அந்த இடத்தில் மண்டியிடவில்லை.

சேஸ் வேலையை விட்டுவிட்டார். கேட், ஜன்னல் கிரில், மாட்டுக் கொட்டகைக்குத் தகரம் என்று தேடி வருகிற வேலைதான். அதிலும் வெல்டிங் தழும்பை இழைக்க மாட்டார். கேட் வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். "தொட்டா கையில குத்துதுங்களே" என்பார்கள். குத்தட்டும் என்று நினைத்துக்கொள்வார். தப்பித் தவறிக் கிரைண்டர் எடுக்க வேண்டி வந்தால், சக்கரம் சுழல ஆரம்பிக்கும் முன்பே அந்தக் குரல் வந்துவிடும். ஒருமுறை யாரோ பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருப்பது போலிருந்தது. சந்தன வாசம்கூட அடித்தது. திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

போன ஆடி மாதம் சிஸ்டர் ஜெபமலர் போன் செய்தார். சேலத்திலிருந்து சங்ககிரி வருகிற வழியில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற முதியோர் இல்லம் ஒன்று இருக்கிறது. அதன் பொறுப்பாளர் அவர். ஏற்காட்டில் ஓட்டல் நடத்துகிற ஒருவர், விருந்தாளிகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த பழைய பேட்டரி காரை இல்லத்துக்குத் தானமாகக் கொடுத்துவிட்டாராம். கோல்ஃப் விளையாடுகிற இடத்தில் ஓடுமே, மேலே கூரையோடும் பக்கத்தில் கதவில்லாமலும், அந்த மாதிரி வண்டி.

"நாலு பேர்தான் உட்காரலாம், ராயப்பன். எங்ககிட்ட இருபத்தாறு அம்மாமார் இருக்காங்க. கடைசி டிரிப்பு கோயிலுக்கு வந்து சேர்றதுக்குள்ள பூசை முடிஞ்சு சாமியார் காப்பி குடிக்கப் போயிடுறார். எட்டு சீட்டா நீட்டித் தரணும்."

"நான் இப்ப சேஸ் வேலை எடுக்கறதில்லீங்க சிஸ்டர். கண்ணு முன்ன மாதிரி இல்ல."

"எங்க டிரைவர் நீங்கதான் செய்யணும்னு ஒரே பிடிவாதமா நிக்கிறாரே! சங்ககிரி ராயப்பண்ணன் ஒட்டுனா கடவுளுக்கே தெரியாதுங்கிறார்."

"டிரைவரு யாருங்க?"

"மணியன். மல்லசமுத்திரத்துக்காரர். பாவம், ஜெயில்ல இருந்து வந்தவர். வளாகத்துக்குள்ள ஓட்ட லைசென்ஸ் வேண்டாமே, அதனால நாங்க வச்சிருக்கோம்."

அந்தப் பெயரைக் கேட்ட பிறகு ராயப்பனுக்கு மறுக்கவும் தெரியவில்லை, ஒத்துக்கொள்ளவும் தெரியவில்லை. "அனுப்புங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மறுநாள் காலை ஒரு லோடு வண்டியின் முதுகில் ஏறிப் பேட்டரி கார் வந்து இறங்கியது. கூடவே மணியனும் இறங்கினான். நாற்பத்தைந்து வயதுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. ராயப்பனைக் கண்டதும் முகம் மலர்ந்து, "நல்லா இருக்கறீங்களாங்ண்ணா?" என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். விடவே இல்லை. ராயப்பனுக்கு அந்தக் கையிலிருந்து தன் கையை உருவிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

நாலு நாள் வேலை. ராயப்பன் அதை ஒன்பது நாள் செய்தார். முதலில் சீட்டுக்கு அடியில் இருந்த ஆறு பேட்டரிகளையும் கழற்றி வெளியே வைத்தார். அதைக் கழற்றாமல் வெல்டிங் வைத்தால் மின்சாரம் பாய்ந்து மோட்டாரை ஓட்டுகிற பெட்டி கருகிவிடும். பிறகு சட்டத்தை நேராக அறுக்காமல் சாய்வாக அறுத்தார். ஐந்தடி நீளத்துக்குப் புதுச் சட்டம். அறுத்த இடத்தில் இரண்டு பக்கமும் ஒரு அடி உள்ளே போகிற மாதிரி கனமான சதுரக் குழாயைச் செருகினார். அதற்கு மேல் வெல்டிங், அதற்கும் வெளியே தகடு, தகட்டைச் சுற்றிலும் வெல்டிங். நடுவில் தொய்யாமல் இருக்கக் குறுக்கே மூன்று சட்டம். பின்பக்கம் அதிர்வைத் தாங்குகிற வில்லுப்பட்டைக்குக் கூடுதலாக ஒரு பட்டை. பிரேக் கேபிளும் வயர்களும் நீளம் பற்றாது, அவற்றையும் புதிதாக மாற்றினார்.

மணியன் காலை பஸ்ஸில் வந்து சாயங்காலம் வரை பட்டறை வாசலில் உட்கார்ந்திருப்பான். சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து பச்சைமிளகாய் வைத்திருப்பான். நேரம் பார்த்து ஒன்றை எடுத்துக் கடித்துக்கொள்வான். கண்ணில் தண்ணீர் வரும், துடைத்துக்கொள்வான்.

"என்னப்பா இது பழக்கம்?" என்று ராயப்பன் மூன்றாம் நாள் கேட்டேவிட்டார்.

"தூக்கம் வராம இருக்கத்தானுங்ண்ணா. வண்டி ஓட்டறப்பக் கடிப்பேன், இப்பச் சும்மா இருந்தாலும் கை போயிருது. எங்க கெழவிங்க கேலி பண்ணுவாங்க. நடக்கற வேகத்துலதான் வண்டி போகுது, இதுக்கு மொளகாயான்னு." சிரித்தான். "ஒருக்காத் தூங்கி ஒரு உசுர எடுத்தவனுங்ண்ணா நானு. எனக்கு அதெல்லாம் கேலியில்ல."

ராயப்பன் வெல்டிங் முகமூடியை இறக்கிக்கொண்டார். கறுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உலகம் இருட்டாக இருந்தது, அது வசதியாகவும் இருந்தது. மணியன் தன்பாட்டில் பேசிக்கொண்டே போனான்.

"நான் தூங்கவே இல்லைன்னுதான் மொதல்ல நெனச்சேன். ரோடு தெரிஞ்சுதுங்க, புளியமரம் தெரிஞ்சுது, எங்கத்தை வெத்தலைய மடிச்சு வாய்ல வெச்சது தெரிஞ்சுது. அப்பறம் டக்குனு ஒரு சத்தம். நெம்பப் பெரிய சத்தம், அடி வயித்துல கேட்டாப்பல. அதுக்கப்பறந்தான் வண்டி திரும்புச்சு. ஓடப்பள்ளத்துல உளுகறதுக்கு முன்னாலயே சத்தம் எப்படிங்க கேக்கும்? ஜெயில்ல உக்காந்து யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். கனவாத்தான் இருக்கோணும். கனவு கண்டிருக்கறேன்னா தூங்கியிருக்கறேன்னுதானுங்களே அர்த்தம்? ரோடு, புளியமரம், எங்கத்தை வெத்தல போட்டது, எல்லாமே கனவுதானாட்டம் இருக்குது."

ராடு நுனியில் எரிந்துகொண்டிருந்த நெருப்பு அணைந்துபோனது. ராயப்பன் கையை நகர்த்த மறந்ததில் ராடு இரும்போடு ஒட்டிக்கொண்டது. முகமூடியைத் தூக்காமல் அப்படியே நின்றார். 'இப்பச் சொல்லு, இப்பச் சொல்லு' என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. "ஒரு டீ சொல்லிட்டு வாப்பா" என்று மட்டும் சொன்னார்.

இன்னொரு நாள் அவனே அனிதாவைப் பற்றிச் சொன்னான். ஜெயிலிலிருந்து வந்து வீட்டு வாசலில் நின்றபோது அவள் கதவைத் திறக்கவில்லையாம். "எங்கம்மாளத் தூங்கிக் கொன்னுபோட்டு, எங்கம்மா ஊட்லயே வந்து தூங்கலாம்னு பாக்கறியா?" என்று உள்ளிருந்தபடியே கேட்டாளாம். நியாயம்தானுங்களே என்றான் மணியன். ஒவ்வொரு வருடமும் மாமியார் திதி அன்று ஒரு போன் போடுவானாம். அவன் நம்பரைக் கண்டால் அவள் எடுப்பதில்லை. கிருத்திகா இந்த வருடம் பிளஸ் டூ என்பதே யாரோ சொல்லித்தான் அவனுக்குத் தெரியுமாம்.

அன்றிலிருந்து ராயப்பனுக்குக் கிரைண்டரைத் தொடாமலேயே குரல் கேட்க ஆரம்பித்தது. டீக் கடையில், பஸ்ஸின் ஹாரன் சத்தத்துக்கு நடுவில், ஆரோக்கியம் பாத்திரம் கழுவுகிற சத்தத்தில் எல்லாம் கேட்டது. "எங்கீங்க சாமி ஒட்டுனீங்க?" அதே ஆசையான குரல். பயம் என்றால் இதுதான் பயம். சென்னியம்மாளுக்கு அவர்மேல் கோபமே இல்லை. அவளுக்கு இன்னும் விஷயம் தெரியாது. செத்த பிறகும் அவரை நல்ல வேலைக்காரர் என்றே நம்பிக்கொண்டிருக்கிறாள். அவளை யார் ஏமாற்றிக்கொண்டிருப்பது? அவர்தான்.

ஏழாம் நாளும் எட்டாம் நாளும் வண்டியில் பன்னிரண்டு சிமெண்டு மூட்டைகளை ஏற்றிப் பட்டறையைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். வேண்டுமென்றே கல்லிலும் பள்ளத்திலும் விட்டார். ஒவ்வொரு சுற்றுக்கும் தரையில் படுத்து ஒட்டைப் பார்த்தார். மணியனுக்கு வேடிக்கையாக இருந்தது. "எங்க கெழவிங்க எட்டுப் பேரும் சேந்தாலே நாலு மூட்ட எட தேறாதுங்ண்ணா. எலும்பும் தோலுமா இருக்கறாங்க" என்றான்.

ஒன்பதாம் நாள் காலை சீட்டெல்லாம் பொருத்தி, கூரை ஏற்றி வண்டி நின்றது. எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம். மத்தியானம் பெயிண்டர் வருவதாகச் சொல்லியிருந்தார். மணியன் வண்டியைச் சுற்றி வந்தான். பக்கவாட்டில் குத்தவைத்து உட்கார்ந்தான். சட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே போனான். அவன் கை தகட்டின் ஓரத்தில் தழும்பு தழும்பாகப் புடைத்திருந்த இடத்தில் தட்டி நின்றது.

"ஏனுங்ண்ணா, இங்க தெரியுதே?"

"தெரியட்டும்."

"ஆப்பரேசன் பண்ண வயிறாட்டம் இருக்குதுங்களே! சிஸ்டருங்க பாத்தா என்ன நெனப்பாங்க? உங்க பேரச் சொல்லிக் கூட்டியாந்தது நானு." சட்டென்று எழுந்தான். "உங்களுக்குக் கண்ணு செரியில்லைன்னு சிஸ்டரு சொன்னாங்க. நீங்க உக்காருங்க, நானே இழைச்சுப் போடறேன். இத்தன நாளா பாத்துட்டுத்தான இருக்கறேன்."

மேசைமேல் இருந்த கிரைண்டரை எடுத்து ஸ்விட்சைப் போட்டுவிட்டான். சக்கரம் கத்திக்கொண்டு சுழன்றது. அதை அவன் தழும்பின் மேல் இறக்கப் போன நேரத்தில் ராயப்பன் பாய்ந்து போய் ஒயரைப் பிடித்து இழுத்தார். பிளக் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. சக்கரம் மெள்ள மெள்ள நின்றது.

"அத இழைக்கக் கூடாது, மணியா," என்றார். "உன்ற வண்டியில இழைச்சேன். அதுனாலதான் உடைஞ்சுது."

மணியன் புரியாமல் பார்த்தான்.

"அன்னைக்கு நீ தூங்கல. சேஸ் உடைஞ்சுது. நான் ஒட்டுன எடத்துல உடைஞ்சுது. வண்டிய நான் போய்ப் பாத்தேன். பாதி துரு, பாதி புதுசு. முன்னாலயே விரிசல் உட்டிருக்குது, பட்டி பூசி மறைச்சதுல உனக்குத் தெரியல. நீ கேட்டயே ஒரு சத்தம், அது கனவில்லை. சேஸ் ஒடிஞ்ச சத்தம்."

மணியன் கிரைண்டரைத் தரையில் வைத்தான். உடைந்துவிடக் கூடாது என்பது போலப் பத்திரமாக வைத்தான். பிறகு வண்டியின் புதுச் சீட்டில் உட்கார்ந்தான்.

"அப்ப நான் முழிச்சுட்டுத்தான் இருந்தனுங்களா?"

"முழிச்சுட்டுத்தான் இருந்த."

"புளியமரம் தெரிஞ்சதெல்லாம் நெசமுங்களா? எங்கத்தை வெத்தல போட்டது?"

"எல்லாம் நெசந்தான்."

அவன் சட்டைப் பையைத் தடவினான். ஒரு மிளகாயை எடுத்தான், பார்த்தான், மறுபடி உள்ளே வைத்தான். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. தூங்கல, தூங்கல என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தது ராயப்பனுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. அழவில்லை. அழுதிருந்தால் ராயப்பனுக்கு ஏதாவது செய்யத் தோன்றியிருக்கும்.

"எப்பத் தெரிஞ்சுதுங்க உங்களுக்கு?" என்றான் கடைசியாக.

"மூணாம் நாளே."

பக்கத்தில் இரும்புக் கம்பி கிடந்தது. சுத்தியல் கிடந்தது. அவன் எதையாவது எடுத்து ஓங்கினால் ஒதுங்குவதில்லை என்று ராயப்பன் முடிவு செய்துகொண்டார். மணியன் எதையும் எடுக்கவில்லை. அவருடைய சட்டைப் பையைக் காட்டினான்.

"போன எடுங்க. நான் நம்பர் சொல்றேன், போடுங்க. என்ற போன்ல கூப்பிட்டா அவ எடுக்க மாட்டா."

பத்து எண்ணையும் தடுமாறாமல் சொன்னான். ராயப்பனின் விரல் இரண்டு முறை தப்பாக அழுத்தியது, அவன் பொறுமையாகத் திருப்பிச் சொன்னான். மணி அடித்தது. மணியனிடம் சொல்வது என்கிற ஒன்றைத்தான் எட்டு வருடமாக அவர் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தார். செத்தவளின் மகளிடம் சொல்ல வேண்டும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"ஹலோ, யாருங்க?"

குரல் சென்னியம்மாளின் குரல் போலவே இருந்தது. ராயப்பன் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சங்ககிரியிலிருந்து ராயப்பன் பேசறனுங்கம்மா. வெல்டிங் பட்டறை. உங்க மினி லாரிய நீட்டிக் கொடுத்தவன்." அதற்குப் பிறகு எப்படிச் சொன்னார், எந்த வரிசையில் சொன்னார் என்பது அவருக்கே நினைவில்லை. ஒட்டினது, இழைத்தது, பட்டி பூசினது, துரு, மின்னின பாதி எல்லாவற்றையும் சொன்னார். "உங்க வீட்டுக்காரரு தூங்கலீங்கம்மா. தப்பு என்னோடதுங்க" என்று முடித்தார்.

போன் துண்டித்துவிட்டதா என்று எடுத்துப் பார்த்தார். துண்டிக்கவில்லை.

"எட்டு வருசமாச்சுங்களே," என்றாள் அனிதா. "இத்தன நாளா நீங்க எங்கீங்க இருந்தீங்க?"

அதற்குச் சொல்ல அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க என்னென்னவோ தேடிப் பார்த்தார். வேறொன்றும் கிடைக்கவில்லை.

"இங்கதானுங்கம்மா இருந்தேன். சங்ககிரியிலதான். பட்டறையிலயேதான் இருந்தேன்."

நெடுஞ்சாலையில் லாரிகள் போகிற இரைச்சல் உள்ளே வந்து நிறைந்தது. அனிதா மூச்சை இழுத்து விடுவது கேட்டது. அவள் திட்டவில்லை. "அவரு அங்க இருக்கறாருங்களா?" என்றாள்.

"இருக்கறாருங்க."

"அவருகிட்ட குடுங்க."

மணியன் இரண்டு கையாலும் போனை வாங்கினான். காதில் வைத்தான். "ம்" என்றான். கொஞ்சம் பொறுத்து மறுபடி "ம்" என்றான். பிறகு எழுந்து பட்டறைக்கு வெளியே வெயிலில் போய், கேட்டுக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ராயப்பன் தரையை விட்டு எழுந்திருக்கவில்லை. எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது. அவன் திரும்பி வந்தபோது முகம் முழுக்க ஈரமாக இருந்தது. போனைச் சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினான்.

"வண்டிய எடுத்துட்டுப் போகச் சிஸ்டரு வேற ஆள அனுப்புவாங்க. ஒட்ட இழைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்" என்றான். "நான் இனி இங்க வர மாட்டனுங்க."

ராயப்பனுக்கு மன்னிப்பு கேட்க வேண்டும் என்று தோன்றியது. எட்டு வருடம் தாமதமாக எதைக் கேட்பது? "செரி" என்று மட்டும் சொன்னார்.

மணியன் வெளியே போனான். இல்லத்துக்குப் போகிற பஸ் பட்டறைக்கு எதிரிலேயே நிற்கும், அவன் அங்கே நிற்கவில்லை. லாரிகள் ஓயட்டும் என்று காத்திருந்து, ரோட்டை நிதானமாகத் தாண்டி, திருச்செங்கோட்டு ரோடு பிரிகிற பக்கமாக நடந்தான். மல்லசமுத்திரம் போக அங்கேதான் பஸ் ஏற வேண்டும்.